ஒரு நட்சத்திரக் குறி செய்த நட்டம்: எக்செல் மெக்ரோவில் ‘லைக்’ பயன்படுத்தும் முறை

கடந்த மாதம் குருநாகலில் இருந்து சரக்கெடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர், பில் போட்டு முடியும் வரை பொறுத்திருந்து என்னிடம் இப்படிக் கேட்டார்:

“நானா, எங்கட கடைக் கணக்கெல்லாம் இப்ப எக்செல்ல தான். ஆயிரத்துக்கு மேல வரி இருக்கு. ஒரு ஊர் ஆக்கள மட்டும் பொறுக்கி எடுக்க மகன் ஒரு மெக்ரோ எழுதித் தந்தான். சில நேரம் சரியா எடுக்குது. சில நேரம் சம்பந்தமில்லாத ஆக்களையும் சேர்த்து எடுக்குது. மகன் சொல்றான் கம்ப்யூட்டர் பிழை எண்டு. அப்படியா?”

கணினியின் மேல் பிழையைப் போடுவது நமக்கு இலகுவான காரியம். ஆனால் இந்த விடயத்தில் கணினி சொன்னதைத்தான் செய்திருக்கிறது. அவருடைய மகன் சொன்னதில்தான் பிழை. அவருக்குக் கொடுத்த விளக்கத்தை மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படட்டும் என்று இந்த வாரம் எழுதுகிறேன். நான் கணினி படித்தவன் அல்லன். சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டுக் கடைக்கு வந்தவன். இதையெல்லாம் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அந்த நட்டத்தின் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு குறிப்பு. மெக்ரோ வரிகளைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். நட்சத்திரம், கேள்விக்குறி, இலக்கக் குறி போன்றவற்றை இருக்கிறபடியே போடுங்கள்.

நடந்தது என்ன?

புறக்கோட்டையில் எங்களுடையது மொத்தப் புடவை வியாபாரம். வெளியூர்க் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்போம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறியீடு உண்டு. ஊரை அடையாளம் காண அந்தப் பகுதியின் தொலைபேசிக் குறியீட்டையே எடுத்துக்கொண்டோம். கல்முனைப் பக்கம் 067, மட்டக்களப்பு 065, கண்டி 081, காலி 091, இப்படி. அதன் பின்னால் ஒரு கோடு, பிறகு வாடிக்கையாளரின் வரிசை எண், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு பில் இலக்கம். கல்முனையின் முதலாவது வாடிக்கையாளருக்கு 2245ஆம் இலக்க பில் போட்டால், எக்செலில் 067-1/2245 என்று பதிவாகும்.

2011ஆம் ஆண்டு இந்த 067-1 வாடிக்கையாளர் தன் நிலுவை முழுவதையும் ஒரே தடவையில் கட்டினார். அவருடைய பில்கள் ஒவ்வொன்றாகத் தேடி ‘தீர்ந்தது’ என்று குறிக்க வேண்டும். ராத்தாவின் மகன் அப்போது என் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா, இதுக்கு ஒரு மெக்ரோ போட்டா ரெண்டு செக்கன் வேலை” என்றான். போட்டான். இரண்டு செக்கனில் முடிந்தது. எனக்கும் சந்தோசம்.

அவன் கொடுத்த கட்டளை: 067-1 என்று தொடங்கி, அதன் பிறகு எது இருந்தாலும் சரி, அதைத் ‘தீர்ந்தது’ எனக் குறி.

நீங்கள் இப்போதே பிழையைக் கண்டிருப்பீர்கள். 067-10 என்பதும் 067-1 என்றுதானே தொடங்குகிறது? 067-11, 067-12 என்று 067-16 வரை எல்லாம் அப்படித்தான். அந்தப் பகுதியில் அப்போது எங்களுக்கு 16 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவருடைய கணக்கைத் தீர்க்கப் போய் எட்டுப் பேருடைய கணக்கையும் தீர்த்துவிட்டோம். மற்ற ஏழு பேரின் நிலுவை மொத்தம் 384,500 ரூபா.

இது உடனே தெரியவில்லை. மாத முடிவில் நிலுவைத் தொகை குறைந்திருந்தது. வசூல் நல்லா நடந்திருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். வழமைபோல எல்லோருக்கும் மாதக் கணக்குத் தாள் தபாலில் போனது. ஏழு பேருக்கும் நிலுவை பூச்சியம்.

பத்து நாள் கழித்துக் கல்முனையில் இருந்து அந்த ஏழு பேரில் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் எங்கள் கணக்குத் தாள். “காக்கா, எங்கட கணக்குல பூச்சியம் எண்டு போட்டிருக்கீங்க. நான் உங்களுக்கு இன்னும் அறுபத்திரண்டாயிரத்து நானூறு தரோணும். புத்தகத்த ஒருக்காப் பாருங்க” என்றார்.

அந்த மனிதர் பேசாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிய எத்தனை மாதமாகியிருக்குமோ! அவருக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் பில் புத்தகங்களின் காபன் பிரதிகளை எடுத்தோம். அன்று இரவு பதினொரு மணி வரை வேலை. மற்ற ஆறு பேரில் நாலு பேர் தொலைபேசியில் சொன்னதுமே ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் பில் பிரதிகளைக் கேட்டார். கேட்டது நியாயம், அனுப்பினோம், கட்டினார். கடைசி ஒருவர், “நீங்களே பூச்சியம் எண்டு எழுதித் தந்திருக்கீங்களே” என்றார். அவருடைய பில் பிரதியில் கையொப்பம் வாங்கத் தவறியிருந்தோம். 41,000 ரூபா போனது. அதை அவர் மேல் நான் குற்றமாகச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தது என் கடை.

இந்த நட்டத்துக்குக் காரணம் ஒரே ஒரு சாய்கோடு இல்லாமல் போனது. அது எப்படி என்று இனிப் பார்ப்போம்.

‘லைக்’ என்றால் என்ன?

எக்செலின் மெக்ரோ மொழிக்கு விபிஏ என்று பெயர். அதில் இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்க்கச் சமக் குறி போடுவோம். சமக் குறி அச்சொட்டாக ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ‘இந்த மாதிரியில் இருக்கிறதா?’ என்று கேட்பதற்கு லைக் என்ற சொல் இருக்கிறது. கடைப் பையனிடம் “067 என்று எழுதியிருக்கிற பொதிகளை எல்லாம் இறக்கு” என்று சொல்வது போல. அந்த மாதிரியை எழுதுவதற்கு ஐந்து குறிகள் உள்ளன.

1. கேள்விக்குறி ? – அந்த இடத்தில் ஏதாவது ஓர் எழுத்து. கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும்.

2. நட்சத்திரம் * – அந்த இடத்தில் எத்தனை எழுத்தும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

3. இலக்கக் குறி # – 0 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கம்.

4. சதுர அடைப்பு [ ] – உள்ளே எழுதியவற்றில் ஏதாவது ஒன்று. [135] என்றால் 1 அல்லது 3 அல்லது 5. [1-5] என்றால் 1 முதல் 5 வரை. சிறியது முதலில் வர வேண்டும். [5-1] என்று எழுதினால் மெக்ரோ பிழை காட்டி நின்றுவிடும்.

5. ஆச்சரியக் குறியோடு சதுர அடைப்பு [! ] – உள்ளே எழுதியவை தவிர்ந்த வேறு ஓர் எழுத்து. [!0-9] என்றால் இலக்கம் அல்லாத ஓர் எழுத்து.

முக்கியமான விதி ஒன்று. லைக் முழுச் சொல்லையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பொருத்திப் பார்க்கும். "067" என்று மட்டும் மாதிரி கொடுத்தால் 067-1/2245 பொருந்தாது. நடுவில் எங்கோ இருப்பதைத் தேட வேண்டுமானால் இரு பக்கமும் நட்சத்திரம் போட வேண்டும்.

இப்போது எங்கள் பிழைக்கு வருவோம். மருமகன் எழுதிய மாதிரி:

"067-1*"

எழுதியிருக்க வேண்டிய மாதிரி:

"067-1/*"

சாய்கோடு வந்தவுடன் 1 என்பது அங்கேயே முடிகிறது. 067-10/2260 என்பதில் 1க்குப் பின் 0 வருகிறது, சாய்கோடு இல்லை. ஆகவே பொருந்தாது. நட்சத்திரத்துக்கு முன்னால் எந்த இடத்தில் எண் முடிகிறது என்பதைக் காட்டும் ஒரு குறி கட்டாயம் இருக்க வேண்டும். குருநாகல் வாடிக்கையாளருடைய மகனின் மெக்ரோவிலும் இதே பிழைதான் இருந்தது.

கடையில் பயன்படும் மாதிரிகள்

தொலைபேசி இலக்கம்: நிலுவை நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்புவதென்றால் கையடக்கத் தொலைபேசி இலக்கங்களை மட்டும் பிரிக்க வேண்டும். நம் நாட்டில் அவை 07 என்று தொடங்கிப் பத்து இலக்கம் கொண்டவை. மாதிரி:

"07########"

07க்குப் பின் எட்டு இலக்கக் குறிகள். எண்ணிப் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் எதுவும் பொருந்தாது. நிலையான தொலைபேசிகளுக்கு:

"0[1-689]########"

இரண்டாம் இலக்கம் 1 முதல் 6 வரை, அல்லது 8, அல்லது 9. கொழும்பு 011, கண்டி 081, காலி 091 எல்லாம் இதில் அடங்கும், 07 அடங்காது.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இலக்கத்தை எக்செலில் அப்படியே தட்டினால் அது ஓர் எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியத்தைத் தூக்கிவிடும். 0771234567 என்பது 771234567 ஆகிவிடும். பிறகு மேலே சொன்ன மாதிரி பொருந்தாது. பதிவு தொடங்குவதற்கு முன்பே அந்த நிரலை டெக்ஸ்ட் வகையாக மாற்றிவிடுங்கள். நடுவில் கோடோ இடைவெளியோ போட்டு எழுதும் பழக்கம் இருந்தால், ரிப்ளேஸ் என்ற கட்டளையால் அவற்றை நீக்கிவிட்டுப் பிறகு பொருத்திப் பாருங்கள்.

காசோலை இலக்கம்: நம் காசோலைகளில் ஆறு இலக்கம். "######" என்ற மாதிரி போதும். இதைவிடப் பயனுள்ளது பிழையைத் தேடும் மாதிரி:

"*[!0-9]*"

‘எங்காவது இலக்கம் அல்லாத ஓர் எழுத்தாவது இருக்கிறதா’ என்பது இதன் பொருள். அவசரத்தில் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். வங்கிக் கணக்கோடு ஒப்பிடும்போது அந்தக் காசோலை மட்டும் சேராது. இந்த மாதிரி அதை உடனே பிடித்துத் தரும்.

தேசிய அடையாள அட்டை: பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும், கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். ஒன்பது இலக்கக் குறிகளைப் போட்டு, பின்னால் சதுர அடைப்புக்குள் அந்த இரண்டு எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் எழுதினால் சரி. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் பன்னிரண்டு இலக்கம் கொண்டது. அதற்கு "19##########" அல்லது "20##########". முதல் நாலு இலக்கம் பிறந்த ஆண்டு என்பதால் இப்படி எழுதலாம்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். மாதிரி பொருந்துகிறது என்றால் வடிவம் சரி என்று மட்டும்தான் அர்த்தம். அந்த அடையாள அட்டை உண்மையானதா, அந்தத் தொலைபேசி அவருடையதா என்பதை லைக் சொல்லாது. கடன் கொடுக்கும்போது ஆளை விசாரிக்கும் வேலை நம்முடையது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து: லைக் சாதாரணமாக ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். அடையாள அட்டையின் வீயைச் சிறிய எழுத்தில் தட்டியிருந்தால் பொருந்தாது. இதற்கு மெக்ரோப் பக்கத்தின் தலைப்பில் ஒப்ஷன் கொம்பெயர் டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதிவிட்டால் வித்தியாசம் பார்க்காது.

பெயரை வைத்துத் தேடலாமா?

நம் ஆட்களுடைய பெயர்களில் முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! இரண்டாம் எழுத்து ஓ அல்லது யூ. எம் எழுத்து ஒன்று அல்லது இரண்டு. அதற்குப் பின் ஈ அல்லது ஏ. ஒரே ஆளுடைய பெயர் அடையாள அட்டையில் ஒரு விதம், காசோலையில் ஒரு விதம், நம் பில்லில் இன்னொரு விதம்.

லைக் இதற்கு உதவும். எம், பிறகு சதுர அடைப்புக்குள் ஓவும் யூவும், பிறகு எச், ஏ, எம், பிறகு நட்சத்திரம், கடைசியில் டி. இந்த ஒரே மாதிரியில் மேலே சொன்ன எல்லா வடிவமும் விழும். முகைதீன் விழாது, ஏனென்றால் அதில் எச்சுக்குப் பின் ஐ வருகிறது. ஆனால் சுருக்கி எம், ஓ, எச், டி என்று எழுதியவரும் விழமாட்டார்.

இதிலும் நட்சத்திரம் ஒரு வேலை செய்யும். முகம்மது ஸயீத் என்பவரின் பெயரும் ஆங்கிலத்தில் டியில்தான் முடிகிறது. நடுவில் உள்ள எல்லாவற்றையும் நட்சத்திரம் விழுங்கிவிட்டு அவரையும் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் இன்னொரு நட்சத்திரமும் போட்டீர்களோ, நம் வாடிக்கையாளர் பட்டியலில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள்!

ஆகவே பெயர் மாதிரியைத் தேடிப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே ஆள் இரண்டு பெயரில் பதிவாகியிருக்கிறாரா என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி. கணக்கைத் தீர்க்கவோ அழிக்கவோ பெயரை நம்பாதீர்கள். அதற்குக் குறியீட்டு எண்தான்.

தமிழில் எழுதினால்?

பெயர்களைத் தமிழிலேயே பதிவு செய்யும் கடைகளும் உண்டு. எக்செல் தாளில் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் மெக்ரோ எழுதும் பக்கத்தில் தமிழ் எழுத்துகளை ஒட்டினால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். அந்தப் பக்கம் பழைய எழுத்து முறையில் இயங்குவதே காரணம்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். லைக்கில் கேள்விக்குறிக்கு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். நீங்கள் ‘காலி’ என்று எழுதியது ???? என்று மாறி, நாலு எழுத்துள்ள எல்லாப் பெயரையும் பொறுக்கி எடுத்துவிடும். பிழை என்று ஒரு வார்த்தையும் சொல்லாது.

‘காலி’ இரண்டு எழுத்துத்தானே என்று கேட்பீர்கள். நமக்கு இரண்டு. கணினிக்கு ‘க’ ஒன்று, கால் ஒன்று, ‘ல’ ஒன்று, விசிறி ஒன்று, மொத்தம் நாலு. தமிழில் கேள்விக்குறியைப் பயன்படுத்தும்போது இப்படித்தான் எண்ண வேண்டும்.

இதற்கு வழி இலகுவானது. தேடும் மாதிரியை மெக்ரோவுக்குள் எழுதாமல் தாளில் ஒரு கட்டத்தில் தமிழில் எழுதிவையுங்கள். மெக்ரோவில் அந்தக் கட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அப்போது தமிழ் கெடாது.

நட்சத்திரமே சரக்கின் பெயரில் இருந்தால்?

புடவை வியாபாரிகள் படுக்கை விரிப்பின் அளவை 60*90 என்று எழுதுவோம். இதையே மாதிரியாகக் கொடுத்தால், 60இல் தொடங்கி 90இல் முடிகிற எதுவும் வரும். உண்மையான நட்சத்திரத்தைத் தேட அதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்:

"60[*]90"

கேள்விக்குறிக்கும் இலக்கக் குறிக்கும் இதே முறைதான்.

மெக்ரோ இல்லாமல் எக்செலின் தேடும் பெட்டியிலும் கவுண்ட்இஃப், சம்இஃப் போன்ற சூத்திரங்களிலும் நட்சத்திரமும் கேள்விக்குறியும் வேலை செய்யும். ஆனால் இலக்கக் குறியும் சதுர அடைப்பும் அங்கே வேலை செய்யாது. அங்கே உண்மையான நட்சத்திரத்தைத் தேட, அதன் முன்னால் அலைக்குறி போட வேண்டும்: 60~*90.

ஒரு பையன் நட்சத்திரத்தை எல்லாம் பெருக்கல் குறியாக மாற்ற நினைத்து, மாற்றும் பெட்டியில் வெறும் நட்சத்திரத்தைப் போட்டு, ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று அழுத்தினால் என்ன நடக்கும்? தாளில் எழுதியிருந்த ஒவ்வொரு கட்டமும் முழுவதுமாக அழிந்து, அந்த ஒரு பெருக்கல் குறி மட்டும் மிஞ்சும். உடனே கொன்ட்ரோல், இஸெட் விசைகளை அழுத்தினால் மீட்கலாம். சேமித்து மூடிவிட்டால் மீட்க வழியில்லை.

நான் இப்போது பயன்படுத்தும் மெக்ரோ

எக்செலில் ஓல்ட், எஃப்11 விசைகளைச் சேர்த்து அழுத்தி, இன்சர்ட் பட்டியலில் மொடியூல் என்பதைத் தெரிவு செய்து இதை எழுதுங்கள்:

சப் குறியிடு()
ஃபோர் ஈச் சி இன் ரேஞ்ச்("ஏ2:ஏ500")
இஃப் நொட் இஸ்எரர்(சி.வேல்யூ) தென்
இஃப் ட்ரிம்(சி.வேல்யூ) லைக் ரேஞ்ச்("எச்1").வேல்யூ தென்
சி.இன்டீரியர்.கலர் = விபியெல்லோ
எண்ட் இஃப்
எண்ட் இஃப்
நெக்ஸ்ட்
எண்ட் சப்

ஏ நிரலில் பில் குறியீடுகள். எச்1 கட்டத்தில் தேடும் மாதிரி, உதாரணமாக 067-1/*. ட்ரிம் என்பது முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் இலக்க மாதிரிகள் பொருந்தாது. இஸ்எரர் என்ற வரி, சூத்திரப் பிழை உள்ள கட்டங்களைத் தாண்டிப் போவதற்கு. இல்லாவிட்டால் மெக்ரோ பாதியில் நின்றுவிடும். இந்த மெக்ரோ எதையும் அழிக்காது, தீர்க்காது. பொருந்தியவற்றை மஞ்சளாக்கும், அவ்வளவுதான்.

லைக்குக்குப் பதிலாகச் சமக் குறியைப் போட்டுவிடாதீர்கள். சமக் குறிக்கு நட்சத்திரம் வெறும் நட்சத்திரம்தான். எதுவும் பொருந்தாது.

செய்யும் முன் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, மெக்ரோவை ஓட்டும் முன் கோப்பின் ஒரு பிரதியை வேறு பெயரில் வையுங்கள். மெக்ரோ செய்த மாற்றத்தைக் கொன்ட்ரோல், இஸெட் அழுத்தித் திருப்ப முடியாது. பலருக்கு இது தெரியாது.

இரண்டாவது, முதலில் நிறம் போடுங்கள். கண்ணால் பார்த்த பிறகுதான் குறிப்பதும் அழிப்பதும்.

மூன்றாவது, எண்ணுங்கள். அந்த வாடிக்கையாளருக்கு ஒன்பது பில் என்று பேரேட்டில் இருந்தால், ஒன்பது கட்டம்தான் மஞ்சளாக வேண்டும். வெற்றுக் கட்டம் ஒன்றில் =கவுண்ட்இஃப்(ஏ2:ஏ500,"067-1/*") என்று போட்டால் எண்ணிக்கை உடனே தெரியும். அன்று இதைச் செய்திருந்தால் ஒன்பதுக்குப் பதிலாக நாற்பதுக்கு மேல் வந்திருப்பதைக் கண்டிருப்போம்.

நான்காவது, தொகையை ஒப்பிடுங்கள். வந்த காசும் தீர்த்த பில்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். நிலுவை குறைந்ததைப் பார்த்துச் சந்தோசப்படும் முன், அந்தக் காசு எங்கே வந்தது என்று காசுப் புத்தகத்தில் தேடுங்கள். நான் தேடவில்லை.

ஐந்தாவது, கையொப்பமிட்ட பில் பிரதியைக் கணக்குத் தீரும் வரை பத்திரமாக வையுங்கள். கணினியில் எல்லாம் இருக்கிறது என்று அவற்றைக் கட்டிப் பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். என்னைக் காப்பாற்றியது அந்தக் காபன் தாள்தான்.

இன்னும் ஒன்று. எங்களுடைய பிழை நிலுவையை இல்லாமல் செய்தது. இதே பிழை மறுபக்கமும் நடக்கலாம். கட்டி முடித்த ஒருவருக்கு ‘உடனே கட்டவும்’ என்று கடிதம் போய்விட்டால்? காசு நட்டத்தைப் பிறகு ஈடு செய்யலாம். நேர்மையாகக் கட்டிய ஒருவரைக் கடன்காரர் என்று கேட்டுவிட்டால் அவர் மனம் ஆறுவது கடினம். அதனால்தான் நினைவூட்டல் அனுப்பும் மெக்ரோவையும் இதே ஐந்து ஒழுங்கோடுதான் இப்போது ஓட்டுகிறோம்.

மருமகன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அவனை நான் அன்று ஏசவில்லை. அவன் எழுதியதைச் சரிபார்க்காமல் கணக்குத் தாள்களில் கையொப்பம் போட்டவன் நான். கல்முனைக்காரர் இன்றும் எங்கள் வாடிக்கையாளர். அவருக்கு நாங்கள் கடன் எல்லை வைப்பதில்லை.

உங்கள் கடை மெக்ரோவைத் திறந்து, நட்சத்திரம் உள்ள வரிகளை இந்த வாரமே ஒரு தடவை பாருங்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முன்னால் எண் எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் குறி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இன்றே போட்டுவிடுங்கள்.